துண்டும் கிபாண்டேயும்: ஆபிரிக்கத் தரவுப் பாதுகாப்பு உடன்படிக்கைகள் பற்றி ஒரு வரலாற்று நோக்கு

கிழக்காபிரிக்காவில் வழங்கும் சுவாஹிலி மொழியிலே 'கிபாண்டே' என்னுஞ் சொல்லுக்குத் துண்டு என்பதே பொருள். பிரித்தானியர் ஆட்சியின்போது கென்யாவின் ஆபிரிக்க ஆண்மகன் ஒவ்வொருவனும் கழுத்திலே ஓர் உலோகக் கூட்டினைத் தொங்கவிட வேண்டியிருந்தது. அதனுள்ளே அவனுடைய பெயர், இனக்குழு, கைவிரல் அடையாளம், வேலை செய்த இடம், பெற்ற கூலி ஆகியன குறிக்கப்பட்ட தாள் இருந்தது. அத்தாளையே மக்கள் கிபாண்டே என்றழைத்தனர். ஏறத்தாழ அதே காலப்பகுதியில் இலங்கையின் பெருந்தோட்டங்களிலே வேலைசெய்த தமிழ்த் தொழிலாளர் தம் வாழ்வை நிருணயித்த ஒரு சீட்டினைத் 'துண்டு' என்றே வழங்கினர். ஒன்றுக்கொன்று தொடர்பற்ற இரு மொழிகளில் இரு மக்கட் கூட்டத்தினர் ஒரே வகையான தாளுக்கு ஒரே பெயரை இட்டமை தற்செயலாக இருக்கலாம். ஆயின் அத்தாள்களை ஆக்கிய நிருவாகம் ஒன்றே என்பது தற்செயலன்று.

தரவுப் பாதுகாப்பு, இணையவெளிப் பாதுகாப்பு என்றெல்லாம் இன்று பேசப்படும் விடயங்கள் கணினியோடு பிறந்தவை என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக உண்டு. ஆபிரிக்க ஒன்றியம் 2014இல் நிறைவேற்றிய மலபோ உடன்படிக்கையையும் அதனோடொத்த பிராந்திய ஏற்பாடுகளையும் எழுதுவோர் பெரும்பாலும் அவற்றை ஐரோப்பியச் சட்டங்களின் பிரதிகளாகவே காண்கின்றனர். சட்ட வாசகங்களைப் பொறுத்தவரை இதிலே உண்மை உண்டு. ஆனால் அவ்வாசகங்கள் சென்றடைந்த மண்ணுக்கு வேறொரு வரலாறு இருந்தது. அந்த மண்ணில் பதிவேட்டினாற் கெட்டவர்களின் தொகை, பதிவேட்டினைத் திருடியவர்களாற் கெட்டவர்களின் தொகையிலும் பன்மடங்கு பெரியது. இவ்வேறுபாட்டை மனங்கொள்ளாது அவ்வுடன்படிக்கைகள் நடைமுறைக்கு வந்தனவா வரவில்லையா என அளவிட முடியாது என்பதே இக்கட்டுரை எடுத்துரைக்க முற்படுவது. கிழக்கிலங்கைக் கரையோரத்திலே, கல்முனையில் இருந்துகொண்டு இதனை எழுதுவதற்கும் காரணம் உண்டு. அது பின்னர் விளங்கும்.

துண்டு முறைமை கடனை அடிப்படையாகக் கொண்டது. கங்காணியின் வழியாகக் கடல்கடந்து வந்த தொழிலாளி, வந்திறங்கும்போதே கடனாளியாக இருந்தான். இன்னின்ன தொகையைச் செலுத்தும் தோட்டத்திற்கு இத்தொழிலாளியை விடுவிப்பேன் எனத் தோட்டத்துரை எழுதிக் கொடுக்கும் சீட்டே துண்டு. அஃதின்றி வேறெந்தத் தோட்டமும் அவனை ஏற்காது. 1901இல் இதற்கு முன்னோடியான வேறொரு கட்டமும் சேர்க்கப்பட்டது. தமிழகத்திலிருந்து புறப்படும் தொழிலாளிக்குத் தோட்டத்தின் இலக்கமும் அவனது இலக்கமும் பொறித்த தகரவில்லை ஒன்று வழங்கப்பட்டது. தொழிலாளியின் பெயர் யாருக்கும் தேவைப்படவில்லை. இலக்கம் போதுமானதாக இருந்தது. துண்டு முறைமை 1921ஆம் ஆண்டின் தொழிலாளர் கட்டளைச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

கென்யாவில் கிபாண்டேக்கு வழிவகுத்த சுதேசிகள் பதிவுக் கட்டளைச் சட்டம் 1915இல் இயற்றப்பட்டு, முதலாம் உலகப்போரின் பின்னரே செயற்படுத்தப்பட்டது. வெள்ளையரின் பண்ணைகளை விட்டு ஓடும் தொழிலாளரைப் பிடித்து மீட்பதே அதன் நோக்கம். பண்ணைக்காரன் விடுவித்ததாக ஒப்பமிடாத தாளுடன் திரிபவன் குற்றவாளி. இதற்கும் குடிசை வரிக்கும் கூலிக் குறைப்புக்கும் எதிராகக் குரலெழுப்பிய ஹாரி துக்கு 1922 மார்ச்சில் கைதானபோது, நைரோபி பொலிஸ் நிலையத்தின் முன் திரண்ட மக்கள்மீது மார்ச் 16ஆம் நாள் துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது. இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். கால் நூற்றாண்டின் பின், 1947இல், எல்லா இனத்தவருக்கும் பொதுவான பதிவுச் சட்டம் வந்தபோது, தாமும் கைவிரல் அடையாளம் இடவேண்டுமா என வெள்ளைக் குடியேறிகள் கொதித்தெழுந்தனர். ஆபிரிக்கனின் விரலில் மைபூசிய காலமெல்லாம் அது நிருவாகம். தம் விரலுக்கு மை வந்தவுடன் அது மானப் பிரச்சினை!

தென்னாபிரிக்காவில் இவ்வரலாற்றோடு தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் நேரடித் தொடர்புண்டு. திரான்சுவாலில் எட்டு வயதுக்கு மேற்பட்ட ஆசியர் யாவரும் பத்து விரல்களின் அடையாளத்தையும் இட்டுப் பதிவுசெய்ய வேண்டுமெனக் கட்டளைச் சட்ட வரைவொன்று 1906இல் வெளிவந்தது. அவ்வாண்டு செப்டெம்பர் 11இல் ஜொகனஸ்பேர்க் எம்பயர் அரங்கிற் கூடியோர் அதற்குப் பணிவதில்லை என உறுதிபூண்டனர். இறைவனைச் சாட்சியாக வைத்து உறுதியெடுக்கும் வழியைத் தொடக்கியவர் ஹாஜி ஹபீப் என்னும் வணிகர். 1908 ஓகஸ்ட் 16இல் அந்நகரின் ஹமீதியாப் பள்ளிவாசல் முன்றிலே, இரும்புக் கொப்பரை ஒன்றில் மண்ணெண்ணெய் ஊற்றி, ஈராயிரத்துக்கு மேற்பட்ட பதிவுச் சான்றிதழ்கள் எரிக்கப்பட்டன. இப்போராட்டத்திற் பலமுறை சிறைசென்ற தம்பி நாயுடு, மொறீசியஸ் தீவிற் பிறந்த தமிழர். காந்தியின் பெயரால் மட்டுமே நினைவுகூரப்படும் இந்நிகழ்ச்சியிற் பங்குகொண்ட தமிழ்ச் சில்லறை வணிகரும் உழைப்பாளரும் நமது வரலாற்று நூல்களிலே இன்னும் உரிய இடத்தைப் பெறவில்லை.

எனினும் இப்போராட்டத்தின் எல்லையையும் சுட்டாதுவிடல் நேர்மையன்று. அது ஆசியரின் கௌரவத்திற்காக நிகழ்ந்தது. அதே வீதிகளில் அனுமதிச்சீட்டுச் சுமந்து திரிந்த ஆபிரிக்கரின் நிலை அதன் கோரிக்கைகளுள் இடம்பெறவில்லை. ஆபிரிக்கர் தம் போராட்டத்தைத் தாமே நடத்தினர். 1913இல் புளும்பொன்ரைன் நகரப் பெண்கள் அனுமதிச்சீட்டுகளை மறுத்துச் சிறை சென்றனர். 1950இல் சனத்தொகைப் பதிவுச் சட்டம் மக்கள் அனைவரையும் இனவாரியாகப் பிரித்து இடாப்பில் ஏற்றியது. 1952இல் வந்த சட்டமோ 'அனுமதிச்சீட்டு ஒழிப்பு' என்ற பெயரைத் தாங்கி, நாடெங்கும் ஒரேமாதிரியான புத்தகத்தைக் கட்டாயமாக்கிற்று. சட்டத்தின் தலைப்பும் உள்ளடக்கமும் எதிரெதிர்த் திசையிற் செல்வது நம் காலத்துப் புதுமையன்று. அப்புத்தகத்திற்கு எதிராக 1960 மார்ச் 21இல் ஷார்ப்வில்லிற் கூடியவர்களுள் 69 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர்.

பதிவேடு எத்துணைக் கொடிய கருவியாகலாம் என்பதற்கு ருவாண்டாவை மிஞ்சிய சான்று ஆபிரிக்காவில் இல்லை. பெல்ஜியர் ஆட்சியில் 1930களில் வழங்கப்பட்ட அடையாள அட்டைகளில் ஹுட்டு, துட்சி, துவா என்ற பிரிவுகளுள் ஒன்று ஒவ்வொருவருக்கும் பொறிக்கப்பட்டது. அட்டையிலே அந்த வரிக்கு இடப்பட்ட உள்ளூர்ச் சொல் 'உப்வோக்கோ' என்பதாகும். ருவாண்டா மக்களிடையே அச்சொல் முன்னர் குலத்தைக் குறித்து வழங்கியது. ஒரே குலத்திலே ஹுட்டுவும் துட்சியும் இருந்தனர். கிழக்கிலங்கை வாசகருக்கு இதனை விளக்கல் எளிது. மட்டக்களப்புப் பிரதேசத்திலும் அம்பாறைக் கரையோரத்திலும் தமிழர், முஸ்லிம்கள் இருசாராரிடமும் தாய்வழிக் குடி முறைமை உண்டு. பள்ளிவாசல் நிருவாகத்திலே குடிக்கு ஒரு மரைக்காயர் இருந்து வந்தமை இங்கு எவரும் அறிந்ததே. இன்னார் இன்ன குடி என்பது ஊருக்குத் தெரியும். மணவுறவு பேசும்போது அது வேண்டும். தெருவிலே போகிறவரிடம் அதனை எவரும் கேட்பதில்லை. அந்த அறிவை ஊரின் வாயிலிருந்து எடுத்து அரசு தன் அட்டையிற் பொறித்தால் அதே சொல் வேறொரு பொருளைப் பெற்றுவிடும். ருவாண்டாவில் நிகழ்ந்தது அதுவே. 1962இல் விடுதலை பெற்ற பின்னரும் அந்த வரி அட்டையில் நீடித்தது. 1994இல் வீதித் தடைகளில் நின்றவர்கள் கொல்லவேண்டியவர் யாரென அறிய அட்டையைக் கேட்டு வாங்கிப் படித்தார்கள். அவ்வட்டைகளை எவரும் திருடவில்லை. அவற்றை எவரும் ஊடுருவவில்லை. அவை எழுதப்பட்டவாறே பயன்பட்டன.

இப்பின்னணியில் வைத்தே மலபோ உடன்படிக்கையைப் படித்தல் வேண்டும். எக்குவற்றோரியல் கினியின் தலைநகராயிருந்த மலபோவில் 2014 யூன் 27இல் ஆபிரிக்க ஒன்றியம் ஏற்றுக்கொண்ட இவ்வாவணம் மூன்று வேறு விடயங்களை ஒரே கட்டாகக் கட்டியது: மின்னணுக் கொடுக்கல் வாங்கல், தனிப்பட்ட தரவுகளின் பாதுகாப்பு, இணையவெளிப் பாதுகாப்பும் குற்றங்களும். ஐரோப்பாவிலே தரவுப் பாதுகாப்புக்கு 1981இல் ஓர் உடன்படிக்கையும், கணினிக் குற்றங்களுக்கு 2001இல் புடாபெஸ்ட் உடன்படிக்கையுமாக இவை தனித்தனியே பிறந்தவை. மூன்றையும் ஒருங்கு சேர்த்ததால் ஒன்றை விரும்பும் அரசு மற்றையவற்றையும் ஏற்கவேண்டும் என்பது ஆக்கியோர் கருத்தாக இருந்திருக்கலாம். விளைந்ததோ தாமதம்.

உடன்படிக்கையின் 14ஆம் உறுப்புரை, இனம், பிரதேசம், பெற்றோர் வழி மரபு, அரசியற் கருத்து, மதம் முதலியவற்றை வெளிப்படுத்தும் தரவுகளைச் சேகரித்துக் கையாளல் ஆகாதென விதிக்கிறது; விதிவிலக்குகளும் உண்டு. ஐரோப்பியச் சட்டங்களின் சாயலுடைய இவ்வுறுப்புரையிலே பெற்றோர் வழி மரபு என்னுஞ் சொற்றொடர் வந்து சேர்ந்ததை வெறும் வரைவாளர் விருப்பம் எனக் கொள்ள என் மனம் இசையவில்லை. 11ஆம் உறுப்புரையோ ஒவ்வொரு நாடும் சுதந்திரமான அதிகார சபை ஒன்றை நிறுவவேண்டும் என்றும், அமைச்சரவையினரும் வணிக நிறுவனங்களின் நிருவாகிகளும் தகவற் தொழில்நுட்பத் துறையிற் பங்குடையோரும் அதில் உறுப்பினராதல் ஆகாதென்றும் கூறுகிறது. உடன்படிக்கையின் உயிர்நிலை இவ்விரு உறுப்புரைகளிலேயே உள்ளது. பதிவேட்டினை வைத்திருப்பவனுக்கு 'இதை எழுதாதே' எனச் சொல்வது ஒன்று. அப்படிச் சொல்லத்தக்க ஒருவரை அவனுக்கு வெளியே நிறுத்துவது மற்றொன்று.

அது நடைமுறைக்கு வர 15 நாடுகளின் ஏற்புறுதி வேண்டியிருந்தது. 55 உறுப்பு நாடுகளைக் கொண்ட ஒன்றியத்தில் இந்த 15ஐத் திரட்ட ஒன்பதாண்டுகள் சென்றன. செனகல் 2016இலேயே ஏற்புறுதி செய்தது. மௌரித்தானியா பதினைந்தாவதாக வந்து சேர, 2023 யூன் 8இல் உடன்படிக்கை வலுப்பெற்றது. உடன்படிக்கைக்குத் தன் நகரின் பெயரைத் தந்த நாடு அப்பதினைந்தில் இல்லை. நைஜீரியா, கென்யா, தென்னாபிரிக்கா, எகிப்து, எதியோப்பியா ஆகிய பெருநாடுகளும் இல்லை. இதனைக்கொண்டு ஆபிரிக்கா தரவுப் பாதுகாப்பிற் பின்தங்கியுள்ளது எனத் தீர்ப்புக் கூறுவோர் உளர். ஆனால் பட்டியலைச் சற்று ஊன்றி நோக்கின் நிலைமை தலைகீழாகிறது. ஏற்புறுதி செய்த நமீபியாவிலும் மொசாம்பிக்கிலும் 2023இல் இத்துறைக்கென முழுமையான சட்டம் இருக்கவில்லை. ஏற்புறுதி செய்யாத தென்னாபிரிக்காவில் 2013இலும் கென்யாவில் 2019இலும் சட்டம் இயற்றப்பட்டு அதிகாரிகளும் நியமிக்கப்பட்டிருந்தனர். கைச்சாத்து வேறு, நடைமுறை வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

மேற்காபிரிக்காவின் அனுபவம் இன்னொரு வகையிற் பயனுடையது. மேற்காபிரிக்க நாடுகளின் பொருளாதாரச் சமூகம் 2010 பெப்ரவரியில் அபுஜாவில் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கான மேலதிகச் சட்டத்தை ஏற்றது. ஏற்புறுதிக்காகக் காத்திராது உறுப்பு நாடுகளைப் பிணைக்கும் ஆவணம் இது. செனகல் அதற்கு முன்னரே, 2008 ஜனவரியில், கணினிக் குற்றச் சட்டத்தையும் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் ஒன்றாக இயற்றியிருந்தது. கானா 2012இல் இயற்றியது. கேப் வேர்டே 2001இலேயே இயற்றி ஆபிரிக்காவில் முதலிடம் பெற்றிருந்தது. இவர்களைப் பாராட்டியே ஆகவேண்டும். ஆனால் இச்சமூகத்தின் மிகப்பெரிய நாடான நைஜீரியா 2015இல் இணையக் குற்றச் சட்டத்தை இயற்றியது. தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 யூனில்தான் வந்தது. தன்னைப் பிணைத்த ஆவணத்திற்கும் தன் சட்டத்திற்கும் இடையே 13 ஆண்டுகள். இடைக்காலத்தில் 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24ஆம் பிரிவு பத்திரிகையாளர்மீது பாய்ந்தது. அப்பிரிவு மனித உரிமைகளுக்கான ஆபிரிக்கப் பட்டயத்துக்கு முரணானது என 2022 மார்ச்சில் மேற்காபிரிக்கச் சமூகத்தின் நீதிமன்றம் தீர்த்தது. 2024இல் அது திருத்தப்பட்டது.

இவ்வரிசை நைஜீரியாவுக்கு மட்டும் உரியதன்று. உகண்டாவிற் கணினித் துர்ப்பிரயோகச் சட்டம் 2011, தரவுப் பாதுகாப்பு 2019. தன்சானியாவில் இணையக் குற்றச் சட்டம் 2015, தரவுப் பாதுகாப்பு 2022. கென்யாவில் முறையே 2018, 2019. தண்டிக்கும் சட்டம் முந்துகிறது. தண்டிப்பவரையும் கட்டுப்படுத்தும் சட்டம் பிந்துகிறது. பாதுகாப்பு என்ற ஒரே சொல் இங்கே இரு பொருள்களில் ஆளப்படுகிறது. பதிவேட்டைப் பிறரிடமிருந்து காத்தல் ஒன்று. மனிதரைப் பதிவேட்டிலிருந்து காத்தல் மற்றொன்று. முதலாவதில் அரசுகளுக்கு இயல்பாகவே ஆர்வம் உண்டு. இரண்டாவதை எவரேனும் அவர்களிடமிருந்து பெற்றாக வேண்டும்.

கென்யாவில் அதனைப் பெற முனைந்தோர் யார் என்பது சிந்திக்கத்தக்கது. நைரோபியின் கிபேராப் பகுதியில் வாழும் நூபியர், பிரித்தானியர் படைக்கெனச் சூடானிலிருந்து கொண்டுவந்த வீரர்களின் வழித்தோன்றல்கள், முஸ்லிம்கள். தலைமுறைகள் பல அங்கே பிறந்தும் அடையாள அட்டை கேட்டுச் செல்லும் இளைஞர் தனி விசாரணைக் குழுவின் முன் நிறுத்தப்பட்டு வந்தனர். 2019இல் அரசு 'ஹுடுமா நம்பா' எனும் பெயரில் எல்லோருடைய உடற்கூற்று அடையாளங்களையும் ஒரே களஞ்சியத்தில் திரட்டத் தொடங்கியது. ஹுடுமா என்றாற் சேவை. மரபணுவையும் வீட்டின் இருப்பிட ஆள்கூற்றையும் சேகரிக்கவும் அச்சட்டம் இடமளித்தது. நூபியர் உரிமை அமைப்பும் மனித உரிமை நிறுவனங்களும் வழக்குத் தொடுத்தன. 2020 ஜனவரியில் உயர் நீதிமன்றம் மரபணுவும் இருப்பிடமும் சேகரித்தலைத் தடுத்து, போதிய ஒழுங்குவிதிகள் இன்றித் திட்டத்தைத் தொடரலாகாது என்றது. 2021 ஒக்டோபரில், தரவுப் பாதுகாப்புச் சட்டம் வேண்டும் முன்மதிப்பீட்டைச் செய்யாது அட்டை வழங்கியமை சட்டவிரோதம் எனத் தீர்த்தது. 2023இல் அரசு வேறொரு பெயரிற் புதிய திட்டத்தைத் தொடங்கிற்று. ஆகவே வெற்றி முழுமையானதென்று கூறிவிட முடியாது. ஆயினும் கழுத்திலே கிபாண்டே தொங்கிய நாட்டில், பதிவேட்டினை எழுதும் கையை ஒருவர் பிடித்து நிறுத்தினார் என்பது வரலாற்றில் இடம்பெறும். அந்நாடு மலபோவை அப்போது ஏற்புறுதி செய்திருக்கவில்லை. அதன் 2010ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 31ஆம் உறுப்புரை அந்தரங்கத்தை அடிப்படை உரிமையாக்கியிருந்தது. நீதிமன்றப் படியேற ஆயத்தமான ஒரு சிறுபான்மைச் சமூகமும் இருந்தது.

மொறீசியசிலும் இதனையொத்த ஒன்று நிகழ்ந்தது. 2013இல் அறிமுகமான அடையாள அட்டைக்குக் கைவிரல் அடையாளம் பெறலாம், ஆனால் அதனைக் களஞ்சியத்தில் வைத்திருத்தல் அரசியலமைப்புக்கு முரண் என அதன் உயர் நீதிமன்றம் 2015 மே மாதம் தீர்த்தது. எதிர்மாறாக, மலபோவை 2019இல் ஏற்புறுதி செய்த ருவாண்டா 2021இல் நல்லதொரு சட்டத்தை இயற்றியும், அதன் மேற்பார்வையைத் தேசிய இணையவெளிப் பாதுகாப்பு அதிகார சபையிடமே ஒப்படைத்தது. கோட்டைக் காவலனையே கைதிகளின் வழக்குரைஞனாகவும் நியமித்தாற்போல இது படுகிறது. அட்டையின் ஒரு வரியால் இலட்சக்கணக்கானோரை இழந்த நாட்டிலே இவ்வேற்பாடு போதுமானதா என வினவுதல் அந்நாட்டாரைக் குறைகூறுவதாகாது.

இனி நம் கரைக்கு வரலாம்.

இலங்கையில் வீட்டுத் தலைவர் தம் வீட்டிலுள்ளோரின் பட்டியலைப் பொலிசாருக்கு அளிக்கும்படி பணிக்கும் அதிகாரம் 1865ஆம் ஆண்டுப் பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 76ஆம் பிரிவிலிருந்து வருகிறது. குடியேற்ற ஆட்சியின் இவ்வேற்பாடு நம் காலத்திலும் உயிர்பெற்றது. 1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டத்தின்கீழ்த் தேசிய அடையாள அட்டை 1972 முதல் வழங்கப்பட்டது. பழைய ஒன்பது இலக்க எண்ணை அறிந்தவர் அதன் உரியவரைப் பற்றிப் பாதி அறிந்தவராவர்: முதலிரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் ஆண்டின் நாள், பெண்ணாயின் அதனோடு 500 கூட்டப்படும். மொழியும் ஒரு குறியாயிற்று. 2014 வரை நாட்டின் ஏனைய பகுதிகளில் வழங்கிய அட்டை சிங்களத்தில் மட்டும் இருக்க, வடக்குக் கிழக்கில் வழங்கியதிலே தமிழும் இருந்தது. நம் மொழி அட்டையில் உண்டே என மகிழ்ந்தவர்களுக்குக் கொழும்பின் சோதனைச் சாவடியில் அதன் மறுபக்கம் புரிந்தது. 2007 யூன் 7இல் கொழும்பின் விடுதிகளிலிருந்து தமிழர் பேருந்துகளில் ஏற்றி அனுப்பப்பட்டமையும், மறுநாள் உயர் நீதிமன்றம் அதனைத் தடுத்தமையும் அறிந்ததே. விடுதிப் பதிவுகள் இருந்தமையாலேயே அச்செயல் அவ்வளவு விரைவில் முடிந்தது.

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, பாண்டிருப்பு, காரைதீவு ஆகிய ஊர்களில் பட்டியலின் வேறொரு முகம் 2004 டிசெம்பர் 26இன் பின் வெளிப்பட்டது. சுனாமியால் இலங்கையில் மிக அதிகமான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டமே. நிவாரணத்துக்கெனக் கிராம சேவகரும் பள்ளிவாசல்களும் கோயில்களும் உள்நாட்டு வெளிநாட்டு நிறுவனங்களும் ஒரே குடும்பத்தின் விபரங்களைத் தனித்தனியே எழுதிச் சென்றன. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் அப்பிள்ளையின் பெயரையும் வயதையும் எத்தனை படிவங்களிற் சொல்லியிருப்பாள் என எண்ணிப் பார்த்தல் வேண்டும். பட்டியலில் இடம்பெறுவதே வீடு பெறுவது. இடம்பெறாதோர் கூடாரத்திலேயே இருந்தனர். அக்கரைப்பற்று நுரைச்சோலையிற் சவூதி அரேபிய நிதியில் எழுந்த 500 வீடுகள், யாருடைய பட்டியல்படி பகிர்வது என்ற வழக்கில் 2009இல் உயர் நீதிமன்றம் நாட்டின் இனவிகிதத்தை அளவுகோலாக்கியதன் பின் நெடுங்காலம் பூட்டிக் கிடந்தன.

சில ஆண்டுகளின் முன் கல்முனையில் ஒரு மாலை நான் வாங்கிய கச்சான் சுற்றியிருந்த தாள் ஒரு விண்ணப்பத்தின் நிழற்படப் பிரதி. பெயர், முகவரி, அடையாள அட்டை எண், கணவர் இறந்த திகதி யாவும் தெளிவாக இருந்தன. அதனை வீட்டில் வைத்து எரித்தேன். ஹமீதியாப் பள்ளிவாசல் முன்றிலின் நெருப்பு எனக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

சட்ட வரிசையை நோக்கின் நாம் ஆபிரிக்காவின் வழியிலேயே செல்கிறோம். கணினிக் குற்றச் சட்டம் 2007. புடாபெஸ்ட் உடன்படிக்கையில் இணைவு 2015, தென்னாசியாவில் முதலாவதாக. தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022 மார்ச்சில் நிறைவேறியது. அதிகார சபைக்கான பகுதி 2023இல் வலுப்பெற்றது. மக்களின் உரிமைகளையும் தரவு வைத்திருப்போரின் கடமைகளையும் கூறும் பகுதிகள் 2025 மார்ச் 18இல் வலுப்பெற இருந்து ஒத்திவைக்கப்பட்டன. அவ்வாண்டிலேயே திருத்தச் சட்டமும் வந்தது. இதற்கு மாறாக, மக்களின் பேச்சைக் கட்டுப்படுத்தும் இணையவழிப் பாதுகாப்புச் சட்டம் 2023 செப்டெம்பரில் வரைவாக வெளிவந்து 2024 பெப்ரவரி முதலாம் நாள் நடைமுறைக்கு வந்துவிட்டது. ஐந்து மாதம்கூடச் செல்லவில்லை. தரவுப் பாதுகாப்பு அதிகார சபையின் பணிப்பாளர்களை நியமிப்பவர் ஜனாதிபதி. நமது அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தில், கென்யாவினதைப் போல அந்தரங்கத்துக்கென ஓர் உறுப்புரை இல்லை. தென்னாசிய நாடுகளிடையே மலபோவுக்கு நிகரான உடன்படிக்கையும் கிடையாது. சார்க் நாட்டுத் தலைவர்களின் மாநாடு 2014இல் காத்மண்டுவிற் கூடியதோடு நின்றது. ஆயினும் இந்திய நிதியுதவியுடன் திட்டமிடப்பட்ட இலங்கையின் தனித்துவ டிஜிட்டல் அடையாளத்துக்குத் தெரிவான மென்பொருள் அடித்தளம், பெங்களூரில் உருவாகி மொறொக்கோவிலும் எதியோப்பியாவிலும் பயன்படுவதே. கருவி கடல் கடந்து வந்துவிடுகிறது. அதனைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் வரவில்லை.

முற்போக்காளர் சிலர், உணவுக்கும் உரத்துக்கும் அல்லற்படும் மக்களுக்கு அந்தரங்கம் ஒரு மத்தியதர வர்க்க ஆடம்பரம் எனக் கூறுவதுண்டு. நூபியரின் வழக்கு இதற்கு விடையாகிறது. அவர்கள் பதிவேடே வேண்டாம் எனக் கேட்கவில்லை. அட்டையின்றிப் பள்ளியும் வேலையும் மருத்துவமும் இல்லை என்பதை அவர்களைவிட நன்கறிந்தவர் யார்? பதிவேட்டில் இடமும் வேண்டும், பதிவேட்டிடமிருந்து காப்பும் வேண்டும் என்றே கேட்டனர். 1948, 1949ஆம் ஆண்டுகளின் குடியுரிமைச் சட்டங்களின்கீழ், வசித்ததை நிறுவும் தாள் இல்லாமையால் நாடற்றவராக்கப்பட்ட மலையகத் தமிழரின் கதையும் இதுவே. துண்டு இருந்ததால் கட்டுண்டவர்களின் பேரப்பிள்ளைகள், தாள் இல்லாததால் வெளியே தள்ளப்பட்டனர். சுனாமியின்போது நம் ஊர்களில் நிகழ்ந்ததும் சிறிய அளவில் இதுவே.

2004, 2005ஆம் ஆண்டுகளில் இக்கரையோரத்தில் நிரப்பப்பட்ட படிவங்களுட் பல, கலைந்துபோன நிறுவனங்களின் பெட்டிகளிலும் பள்ளிவாசல் அலமாரிகளிலும் வீட்டுப் பரண்களிலும் சிதறிக் கிடக்கின்றன. எந்தக் கேள்வி எந்த நிறுவனத்தாற் கேட்கப்பட்டது, மதத்துக்கும் இனத்துக்குமான கட்டங்கள் எவற்றில் இருந்தன, ஒப்பமிடும் இடத்தில் என்ன எழுதியிருந்தது என்பவற்றை இன்றும் அறியமுடியும். பெயர் நிரப்பப்பட்டவற்றை உரியவரிடம் சேர்த்துவிட்டு, நிரப்பப்படாத வெற்றுப் படிவங்களை மட்டும் ஊர் ஊராகத் திரட்டி வைத்தல் ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழக வரலாற்று மாணவர்கள் இப்போதே தொடங்கத்தக்க பணி. கறையான் அவற்றுட் பாதியை ஏற்கெனவே வாசித்து முடித்திருக்கும்.